மாமியின் இரண்டு ஸ்பீக்கர்கள்

முதலில் நினைவுக்கு வருவது அந்த ஓசைதான். படுக்கையறைக் கதவு சாத்தியிருக்கும். ஜன்னலில் நானே தைத்துப் போட்ட தடித்த திரை தொங்கும். தலைக்கு மேல் காற்றாடி முழு வேகத்தில் சுற்றும். இத்தனையையும் தாண்டிக்கொண்டு கூடத்திலிருந்து ஒரு பாடகியின் ‘ஸ்’ வந்து காதுக்குள் இறங்கும். பாட்டின் மெட்டு வராது, தபேலா வராது, வயலின்கூட அரைகுறையாகத்தான் வரும். சகரமும் ஷகரமும் மட்டும் பாட்டிலிருந்து கழன்று தனியாக வரும். தொழிற்சாலையில் சோல்டரிங் அயர்னின் சூடான முனையை அவ்வப்போது ஈரப் பஞ்சில் துடைப்போம். அப்போது ‘சுர்’ரென்று ஒரு சத்தம் எழும். ஏறக்குறைய அதே சத்தம். இரவெல்லாம் அதைக் கேட்டுவிட்டு வந்து படுத்தால், வீட்டிலும் யாரோ ஒரு பெண் நெடுநேரம் பஞ்சில் துடைத்துக்கொண்டிருப்பாள்.

அப்போது நான் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்தேன். சோதனையில் தேறாத மின்சுற்றுப் பலகைகளைத் திரும்ப எடுத்து, எந்தப் பாகம் கெட்டது என்று பார்த்து மாற்றிக் கொடுக்கும் பிரிவு. சில வாரங்கள் பகல், சில வாரங்கள் இரவு. இரவு வேலை முடிந்து கம்பெனி பஸ் என்னை ஆயர் ஈத்தாம் சந்தை முனையில் இறக்கிவிடும்போது சந்தை நல்ல சூட்டில் இருக்கும். மீன் தண்ணீரைத் தாண்டித் தாண்டி நடந்து, ஃபிளாட்டின் படியேறி, குளித்து, எதையாவது சாப்பிட்டுவிட்டுப் படுக்கப் போகும் நேரத்தில் மாமி சாமி கும்பிட்டு முடித்திருப்பார். அடுத்தது ஆம்ப்ளிஃபையர். அதன் சிறிய விளக்கு எரியும். இசைத்தட்டின் மேல் ஊசி இறங்கும். கூர்மையான சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரெபிள் குமிழ் வலக்கோடிவரை திருகியே இருக்கும். அதை வேறு நிலையில் நான் பார்த்ததில்லை.

மாமி என்றது என் கணவரின் அம்மாவை. எங்கள் பக்கம் அத்தை என்றுதான் கூப்பிடுவோம். அவர்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். அந்த வீட்டில் மாமி என்பதே வழக்கம் என்று கல்யாணத்துக்கு முன்பே என்னவர் சொல்லிவிட்டார். நான் பாகான் டாலாம் பெண். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். மாமியின் அப்பா ரயில்வேயில் குமாஸ்தா. இந்த வித்தியாசத்தை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லாமலே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. பெண் பார்க்க வந்த அன்று மாமி என்னிடம் அதிகம் பேசவில்லை. நான் எந்தப் பள்ளியில் படித்தேன் என்று கேட்டார், பதிலைக் கேட்டுக்கொண்டார். பிறகு, “நல்ல குரல், பிள்ளை. ஒவ்வொரு எழுத்தும் தெளிவா வருது” என்றார். அவர் யாருக்கும் சுலபத்தில் தராத பாராட்டு அது என்பது பின்னால்தான் தெரிந்தது.

மாமி ஜார்ஜ் டவுனில் டெலிஃபோன் ஆபரேட்டராக இருந்தவர். காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, முன்னால் இருக்கும் பலகையில் எந்த விளக்கு எரிகிறதோ அந்த அழைப்பை எடுத்து, கேட்ட எண்ணுக்கு இணைத்துவிடும் வேலை. தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றிலும் பேசுவார். யார் பேசுகிறார் என்பதை அவர் பெயர் சொல்வதற்கு முன்பே, மூச்சு இழுக்கும் விதத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவார் என்று அவரோடு வேலை செய்த ஒருவர் கல்யாணத்தில் என்னிடம் சொன்னார். அந்தச் சம்பளத்தில் மாமி தனக்கென்று வாங்கிய ஒரே பெரிய பொருள் அந்த ஸ்பீக்கர்கள். ஜப்பானில் செய்தவை. தொடை உயரத்துக்கு இரண்டு மரப்பெட்டிகள், முன்பக்கம் காப்பித் தூள் நிறத்தில் துணி. கல்யாணமாகிப் போகும் பெண்கள் அலமாரி கொண்டு போவார்கள், தையல் மெஷின் கொண்டு போவார்கள். மாமி ஒரு லாரியில் இந்த இரண்டு பெட்டிகளோடு போய் இறங்கியிருக்கிறார். மாமனாரை நான் பார்த்ததில்லை. என்னவர் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அவர் இறந்துவிட்டார். பெட்டிகளின் மேல் அவர் ஒரு நாளும் ஒரு கோப்பைகூட வைத்ததில்லை என்று மாமி சொல்வார். அவரைப் பற்றி மாமி சொன்ன நல்ல வார்த்தைகளில் அது முக்கியமானது.

கல்யாணமான புதிதில் நான் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படுத்தேன். பிறகு தொழிற்சாலையில் கொடுக்கும் ரப்பர் அடைப்பான்களை எடுத்து வந்தேன். அவை கீழ்ச் சத்தங்களை நன்றாகவே அடைத்தன. அந்த ‘ஸ்’ மட்டும் இன்னும் தனிமைப்பட்டு, இன்னும் கூராகக் கேட்டது. என்னவரிடம் சொன்னேன். “அம்மா பழக்கம் லா அது. போகப் போக உனக்கும் பழகிடும்” என்றார். ஒரு நாள் அவரே மாமி சமையலறையில் இருந்த சமயம் பார்த்து டிரெபிளைக் கொஞ்சம் குறைத்து வைத்தார். அரை நிமிஷம் ஆகவில்லை, மாமி கையில் அகப்பையோடு வந்து நின்றார்.

“ஆர் இதைத் திருப்பினது?”

“காது வலிக்குதுமா, அதான்.”

“தலைகாணிக்குள்ள வாயை வைச்சுப் பாடுற மாதிரிக் கிடக்கு. பாட்டெண்டா சொல் விளங்க வேணும்.”

குமிழ் மறுபடி வலக்கோடிக்குப் போனது. இவ்வளவு நுட்பமான காது உள்ளவருக்கு எப்படி அந்தக் கீறல் சத்தம் பொறுக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. வேண்டுமென்றுதான் செய்கிறார் என்று நினைத்தேன். அப்படி நினைக்க வேறு காரணமும் இருந்தது. வீட்டில் புதிதாக வாங்கிய துணி துவைக்கும் மெஷின், வேலை முடிந்ததும் ‘பீப் பீப்’ என்று நெடுநேரம் கத்தும். கூடத்தில் உட்கார்ந்திருக்கும் மாமி எழுந்து வரமாட்டார். துணி உள்ளேயே கிடந்து புழுங்கும். தூக்கத்திலிருந்து எழுந்து வந்து நான்தான் காயப்போட வேண்டும். மருமகள் வரட்டும் என்று உட்கார்ந்திருக்கிறார் என்பது என் முடிவு. அம்மாவிடம் ஃபோனில் அதைச் சொல்லிக் குறைப்பட்டிருக்கிறேன். அம்மா எனக்குப் பதிலாகக் கோபப்பட்டாள்.

இப்படியே போய், ஒரு கட்டத்தில் நான் தனி வீடு பார்க்கலாம் என்று சொன்னேன். தூக்கமில்லாமல் வேலையில் இரண்டு பலகைகளைத் தீய்த்துவிட்டு, சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கி வந்த நாள் அது. என்னவர் மறுக்கவில்லை. அவர் மறுக்காததுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது. கடலுக்கு அக்கரையில், பட்டர்வொர்த் பக்கம் ஒரு வாடகை வீட்டைப் போய்ப் பார்த்தோம். முன்னால் ஒரு மாமரம், பக்கத்தில் பள்ளிக்கூடம், எல்லாம் நன்றாகவே இருந்தது. திரும்பி வரும்போது ஃபெர்ரியில் அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு எங்கள் கரையையே பார்த்தபடி வந்தார். மாமிக்கு அவர் ஒரே பிள்ளை. நாங்கள் போய்விட்டால் அந்த ஃபிளாட்டில் மாமியும் இரண்டு மரப்பெட்டிகளும்தான்.

எங்கள் பிரிவில் இருந்த சீன டெக்னீஷியன் ஒருவர் ஓய்வு நேரத்தில் பழைய ரேடியோக்களைப் பழுது பார்ப்பவர். சாப்பாட்டு நேரத்தில் பேச்சோடு பேச்சாக விஷயத்தைச் சொன்னேன். அவர் உடனே மாமியாரை விட்டுவிட்டு ஸ்பீக்கரைப் பிடித்துக்கொண்டார். எத்தனை வயது, எந்த ஊர்த் தயாரிப்பு, பெட்டிக்குள் சத்தம் எழுப்பும் வட்டங்கள் எத்தனை என்று கேட்டார். பெரிய வட்டம் கனத்த சத்தத்துக்கு, சிறியது கூர்மையான சத்தத்துக்கு. சிறியதற்குத் தாங்க முடியாத சத்தம் போய்ச் சேராமல் நடுவில் ஒரு கெப்பாசிட்டர் காவல் நிற்கும். அது பழசானால் காவல் தளர்ந்துவிடும், சிறிய வட்டம் தன்னால் முடியாததையெல்லாம் கத்த ஆரம்பிக்கும். அதை மாற்றி, கூடவே சத்தத்தைத் தணிக்க ஒரு சிறிய ரெசிஸ்டரையும் போட்டால் கீறல் அடங்கும் என்றார். நான் நாள் முழுக்கச் செய்கிற வேலைதான் அது. வீட்டில் இருக்கும் பெட்டியும் ஒரு பலகை மாதிரிதான் என்பது அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை.

மாமியிடம் நேராகவே கேட்டேன். “மாமி, உங்க ஸ்பீக்கர் உள்ள ஒரு பார்ட் பழசாயிருக்கும்னு நினைக்கிறேன். நான் தொறந்து மாத்தட்டுமா?”

மாமி என்னைப் பார்த்தார், பெட்டிகளைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்வார் என்றுதான் எதிர்பார்த்தேன். அவர் வேறு மாதிரி யோசித்திருக்கிறார்.

“முதல்ல ஒண்டைத் திற. மற்றது அப்பிடியே கிடக்கட்டும். ரெண்டையும் வைச்சுக் கேட்டுப் பாப்பம்” என்றார். எங்கள் தொழிற்சாலையிலும் சோதனை செய்வது அப்படித்தான். அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து முதல்முறையாக மாமியை எனக்குப் பிடித்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, கூடத்தில் பாய் விரித்து இடப்பக்கத்துப் பெட்டியை மல்லாக்கப் படுக்க வைத்தேன். திருகாணிகள் இறுகிப் போயிருந்தன. பெரிய வட்டத்தைத் தூக்கியதும் உள்ளிருந்து பழைய பஞ்சும் மரப்பசையும் கலந்த வாசம் வந்தது. கெப்பாசிட்டர் ஒரு பக்கம் உப்பியிருந்தது. அதை எடுத்துவிட்டுப் புதிதை வைத்தேன், டெக்னீஷியன் சொன்ன ரெசிஸ்டரையும் சேர்த்தேன். மாமி நாற்காலியில் உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். “கை நடுங்கேல்லை” என்று ஒரு தடவை சொன்னார், தனக்குத்தானே சொல்வது போல.

பெட்டியை மூடி, நிமிர்த்தி வைத்து, அவருக்குப் பிடித்த தட்டையே போட்டோம். ஆம்ப்ளிஃபையரில் சத்தத்தை ஒரு பெட்டிக்கு மட்டும் அனுப்புகிற குமிழ் ஒன்று உண்டு. முதலில் புதிதாக மாற்றிய பெட்டி. பாடகி பாடத் தொடங்கினாள். ‘ஸ்’ வந்தது, மூச்சுக்காற்று மாதிரி வந்து அடுத்த எழுத்தோடு சேர்ந்துகொண்டது. அந்தப் பாட்டில் பின்னால் ஒரு வீணை இருப்பதையே அப்போதுதான் நான் கேட்டேன். எனக்கு வேலை முடிந்துவிட்டது என்ற நிம்மதி. மாமியின் முகத்தைப் பார்த்தேன். அவர் முன்னால் சாய்ந்து, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“மற்றதைப் போடு.”

குமிழைத் திருப்பினேன். பழைய பெட்டி கீறியது. என் பல் கூசியது. மாமியின் நெற்றிச் சுருக்கம் விரிந்தது.

“இதிலதான் சொல் விளங்குது. நீ செய்தது ஊமை மாதிரிக் கிடக்கு, பிள்ளை.”

இன்னும் இரண்டு மூன்று தடவை மாற்றி மாற்றிப் போட்டோம். அவர் சொன்னது மாறவில்லை. வம்புக்குச் சொல்கிறாரா என்று அவர் முகத்தையே கவனித்தேன். வம்பு இல்லை. புதிய பெட்டி பாடும்போது அவர் தலையைத் திருப்பி வலக்காதை அதன் பக்கம் காட்டினார். வாசலில் நின்று உள்ளே நடக்கும் பேச்சைக் கேட்க முயல்கிறவர்கள் அப்படித்தான் நிற்பார்கள். அந்த நேரத்தில் பின்கட்டில் துணி துவைக்கும் மெஷின் வேலையை முடித்துக்கொண்டு ‘பீப் பீப்’ என்று கத்த ஆரம்பித்தது. பாட்டு அப்போது ஓடவில்லை, வீடு அமைதியாக இருந்தது. நான் திரும்பிப் பார்த்தேன், என்னவர் திரும்பிப் பார்த்தார். மாமி மட்டும் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருக்கு அது கேட்கவில்லை. அன்றைக்கு மட்டும் என்றில்லை, அந்த மெஷின் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. பேச்சு கேட்டது, கதவு தட்டுவது கேட்டது, கீழே மோட்டார் சைக்கிள் போவது கேட்டது. கூர்மையான சத்தங்கள் மட்டும் அவர் காதிலிருந்து உதிர்ந்து போயிருந்தன. பாட்டில் உதிர்ந்துபோனதைத் திரும்பப் பெறத்தான் டிரெபிளை அந்தக் கோடிக்குத் திருகியிருக்கிறார். எங்கள் காதைக் கீறியது அவருக்கு வெறும் எழுத்தாகத்தான் போய்ச் சேர்ந்தது.

அன்று மாலை இதை என்னவரிடம் சொன்னேன். பக்குவமாகச் சொல்ல வேண்டிய விஷயம், கொஞ்ச நாள் போகட்டும் என்றும் சொன்னேன். அவர் மறுநாள் சாப்பாட்டு மேசையிலேயே, “உங்களுக்குக் காது கேக்கலமா. ஆஸ்பத்திரி போய்ப் பாக்கணும்” என்று சொல்லிவிட்டார். மாமி தட்டைத் தள்ளி வைத்தார்.

“என்ர காதாலதான் நான் சோறு திண்டனான். அந்தச் சோத்திலதான் நீயும் வளந்தனீ.”

எழுந்து தன் அறைக்குப் போனார். ஆம்ப்ளிஃபையரின் விளக்கு எரியவில்லை. அந்த வாரம் முழுக்க வீட்டில் பாட்டே இல்லை. நான் இரவு வேலையில் இருந்தேன், பகலில் நன்றாகத் தூங்கினேன். மனம் கனத்துப் போய்த் தூக்கம் வரவில்லை என்றெல்லாம் எழுதினால் அது உண்மையாக இருக்காது. எழுந்து வெளியே வரும்போதுதான் மாமி இருட்டிய தொலைக்காட்சிக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது தெரியும். பட்டர்வொர்த் வீட்டுக்காரர் முடிவு கேட்டு ஃபோன் செய்தபடி இருந்தார். என்னவர் எடுக்கவில்லை.

பிறகு ஒரு மத்தியானம், தாகத்துக்குத் தண்ணீர் குடிக்க எழுந்து வந்தேன். பின்கட்டில் மாமி துணி துவைக்கும் மெஷினுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். ஒரு கை மெஷினின் மூடி மேல் இருந்தது. மெஷின் கடைசிச் சுற்றில் அதிர்ந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும், “நில்லு” என்று சொன்னார். இருவரும் நின்றோம். சுற்று மெதுவாகி அடங்கியது. பச்சை விளக்கு கண் சிமிட்டியது. மெஷின் கத்தத் தொடங்கியது.

“இப்ப அடிக்குதோ?”

“அடிக்குது மாமி.”

“இன்னும் அடிக்குதோ?”

“ஆமா மாமி.”

அவர் குனிந்து காதை மூடிக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். வலக்காதை வைத்தார், இடக்காதை வைத்தார். நிமிர்ந்தார். “நெடுநேரம் அடிக்குமோ?” என்று கேட்டார். அடிக்கும் என்றேன். “அப்ப இத்தனை நாளும் உடுப்புக் கிடந்து மணந்தது அதாலதானோ. நீ மறந்துபோறாய் எண்டெல்லோ நான் நினைச்சனான்.” பிறகு மூடியைத் திறந்து ஈரத் துணியை அவரே அள்ளி வாளியில் போட்டார். போட்டுக்கொண்டே, “ஆஸ்பத்திரிக்கு உன்னோட வாறன். அவனோட வரமாட்டன்” என்றார்.

காது சோதிக்கும் இடத்தில் கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறை. மாமியை உள்ளே உட்கார வைத்து ஹெட்ஃபோனை மாட்டினார்கள். சத்தம் கேட்டால் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். சோதனை செய்த மலாய்ப் பெண் என்னை வெளியே தன் பக்கத்திலேயே உட்கார அனுமதித்தார். ஒவ்வொரு தடவை அவர் சத்தம் அனுப்பும்போதும் இயந்திரத்தில் ஒரு சிறிய விளக்கு எரிந்தது. மாமி பொத்தானை அழுத்தினால் இன்னொரு விளக்கு எரியும். தொடக்கத்தில் இரண்டும் மாறி மாறி எரிந்தன. பிறகு முதல் விளக்கு மட்டும் எரிந்தது. மறுபடியும் அது மட்டும் எரிந்தது. மாமி முதுகை நிமிர்த்தி, தலையைக் கொஞ்சம் சாய்த்து, வேலையில் இருப்பவர் போல அவ்வளவு கவனத்தோடு உட்கார்ந்திருந்தார். கட்டைவிரல் பொத்தானின் மேலேயே தயாராக இருந்தது. அழுத்தவில்லை. நான் விளக்கைப் பார்ப்பதை விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு காதிலும் கூர்மையான சத்தங்கள் குறைந்துவிட்டன, இடக்காதில் இன்னும் அதிகமாக என்றார் அந்தப் பெண். வயதால் இருக்கலாம், வேலையால் இருக்கலாம், இப்போது பிரித்துச் சொல்ல முடியாது என்றார். மாமி அவரிடம் மலாயில் நன்றி சொன்னார். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக, மரியாதையாக, தூரத்தில் இருக்கும் யாருக்கோ போய்ச் சேரவேண்டியது போல வந்தது. டெலிஃபோனில் பேசிய குரல் அதுவாகத்தான் இருக்கவேண்டும்.

கேட்கும் கருவி வந்து சேரக் கொஞ்ச காலம் ஆனது. வந்த புதிதில் மாமிக்கு அது பிடிக்கவே இல்லை. பிளாஸ்டிக் பை இவ்வளவு சத்தம் போடுமா என்று கேட்டார். தன் செருப்புச் சத்தம் யாரோ பின்னால் வருவது போல இருக்கிறது என்றார். சந்தைக்குப் போனால் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டார். பாட்டு கேட்கவும் அதைப் போடவில்லை. பழைய பெட்டிக்கு மட்டும் சத்தம் போகும்படி வைத்து, பழையபடியே கேட்டார். நான் தனி வீட்டுப் பேச்சை எடுக்கவில்லை.

ஒரு நாள் காலை வேலையிலிருந்து வந்து படுத்திருந்தேன். கூடத்தில் பாட்டு ஆரம்பித்தது. முதல் வரியில் வழக்கமான ‘ஸ்’ வந்து குத்தியது. உடனே ஊசி தூக்கப்பட்டது. அப்படி நடுவில் நிறுத்துவது மாமியின் வழக்கமில்லை. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு அதே வரி மறுபடி வந்தது, மறுபடி நின்றது. என் அறைக் கதவு திறந்தது. மாமி வாசலில் நின்றார். கருவி காதில் இருந்தது. ஒரு கை அதை மூடிக்கொண்டிருந்தது.

“இதையோ பிள்ளை, இத்தனை நாளும் கேட்டுக்கொண்டு படுத்துக் கிடந்தனீ?”

“ஆமா மாமி” என்றேன்.

அவர் அங்கேயே நின்றார். கடைசியில், “மற்றதையும் திற” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

இரண்டாவது பெட்டியைத் திறந்தபோது மாமி நாற்காலியில் உட்காரவில்லை. முழங்கால் வலியோடு பாயில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, டார்ச் விளக்கைப் பிடித்துக்கொண்டார். என்னவர் வெளியே போயிருந்தார். நான் பழைய கெப்பாசிட்டரின் கம்பியை உருக்கிக்கொண்டிருந்தேன். அப்போது மாமி தானாகவே பேசத் தொடங்கினார். டெலிஃபோன் ஆபீசில் தானாக இணைக்கும் மெஷின் வந்ததால்தான் வேலையை விட்டேன் என்று எல்லாருக்கும் சொல்லியிருக்கிறேன், அது பொய்யில்லை, ஆனால் முழுதும் அதுவல்ல என்றார். கடைசிக் காலத்தில் எண்கள் பிடிபடவில்லையாம். ஆங்கிலத்தில் ஐந்து என்றால் ஒன்பது போலக் கேட்டது, ஆறு என்றால் பாதிதான் வந்தது. திரும்பத் திரும்பக் கேட்டதில் ஒருவர் மேலிடத்தில் புகார் செய்திருக்கிறார். இரண்டாவது புகார் வருமுன் மாமியே எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். “வீட்டை வந்து பாட்டைப் போட்டன். அதிலையும் சொல் குறைஞ்சு போச்சு. ஸ்பீக்கர் பழசாப் போச்சாக்கும் எண்டு குமிழைத் திருப்பினனான்” என்றார். டார்ச்சின் வெளிச்சம் கொஞ்சம் விலகியது. “வெளிச்சம் மாமி” என்றேன். அவர் சரியாகப் பிடித்தார்.

மூடும்போது கடைசித் திருகாணியை அவரே முடுக்கினார். பாட்டுப் போட்டோம். இரண்டு பெட்டியும் சேர்ந்து பாடின. கருவியோடு கேட்டார், கழற்றிவிட்டுக் கேட்டார், திரும்பப் போட்டுக்கொண்டார்.

“நல்லாத்தான் கிடக்கு. எனக்கு இன்னும் ஒரு சொட்டுக் கூர் வேணும்.”

“ரெசிஸ்டரைக் குறைச்சுப் போட்டா வரும் மாமி. மாத்தவா?”

அவர் யோசித்தார். “உனக்குக் குத்துமோ?”

“கொஞ்சம்.”

“அப்ப வேண்டாம். குமிழ் இருக்குத்தானே.”

அதன் பிறகும் டிரெபிள் குமிழ் வலக்கோடியில்தான் இருந்தது. ஆனால் அந்தக் கோடி இப்போது கதவைத் தாண்டி வரவில்லை. இரவு வேலை வாரங்களில் மாமி அறைக்கதவைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் ஊசியை இறக்குவார் என்று என்னவர் சொன்னார். நான் தூங்கிக்கொண்டிருந்ததால் எனக்குத் தெரியாது. பட்டர்வொர்த் வீட்டுக்காரருக்கு என்னவர் ஒரு நாள் ஃபோன் செய்து, வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளும்படி சொன்னார்.

மாமி இறந்து இப்போது சில வருடங்கள் ஆகின்றன. நிமோனியா காய்ச்சல், அதிக நாள் படுக்கவில்லை. நாங்கள் பிறகு பாகான் டாலாமுக்கே வந்துவிட்டோம், அம்மாவுக்குத் துணையாக. நான் இரவு வேலையிலிருந்தும் மாறிவிட்டேன். ஸ்பீக்கர்கள் முன்னறையில் இருக்கின்றன. பழைய ஒலிப்பெட்டிகளுக்கு இப்போது மறுபடியும் மவுசு வந்திருக்கிறதாம். போன மாதம், தெரிந்தவர் ஒருவர் சொல்லி ஒரு இளைஞர் பார்க்க வந்தார். ஜார்ஜ் டவுனில் இப்படிப்பட்டவற்றை வாங்கிச் சரிசெய்து விற்பவர். விற்பதா வேண்டாமா என்று நான் முடிவு செய்திருக்கவில்லை. உள்ளே பார்க்கலாமா என்று கேட்டார், பார்க்கச் சொன்னேன். வட்டத்தைக் கழற்றி, கைபேசி வெளிச்சத்தில் எட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“மரம், துணி எல்லாம் சூப்பரா இருக்குக்கா. ஆனா உள்ள ஒரிஜினல் இல்ல. கெப்பாசிட்டர் மாத்தியிருக்காங்க, ரெசிஸ்டர் ஒண்ணு சேத்துருக்காங்க. டிரெபிள் பாதி போயிருக்கும். யாருக்கா இதுல கை வெச்சது?”

“நானும் எங்க மாமியும்.”

அவருக்குக் கொஞ்சம் வெட்கமாகிவிட்டது. வேலை சுத்தமாகத்தான் இருக்கிறது என்று அவசரமாகச் சொன்னார். அந்த ரெசிஸ்டரை எடுத்துவிட்டால் பழைய சத்தம் அப்படியே திரும்பிவிடும், ஒரு மணி நேர வேலை, செய்து தரட்டுமா என்றார். வேண்டாம், அப்படியே மூடிவிடுங்கள் என்றேன். மூடினார். போவதற்கு முன் ஒரு பாட்டாவது கேட்டுவிட்டுப் போகிறேன் என்று கேட்டுக்கொண்டார். தட்டைப் போட்டேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடி, ஒரு பாட்டு முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

“கொஞ்சம் டல்லா இருக்குல்லக்கா?”

“ஆமா தம்பி,” என்றேன். “எங்க ரெண்டு பேருக்கும் அவ்வளவுதான் ஒத்து வந்துச்சு.”